பழைய டீசல் காரில் டைமிங் செயின் சத்தம்: எந்த வேலை செய்வது என்று முடிவெடுப்பது எப்படி?

செகண்ட் ஹேண்ட் டீசல் ஸ்விஃப்ட் வைத்திருக்கிறீர்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் பெல்ட் பக்கமிருந்து கரகரவென்று ஒரு சத்தம். ஒரு மெக்கானிக் "இன்ஜின் இறக்கணும் சார்" என்கிறார். இன்னொருவர் "டீசல் வண்டின்னா அப்படித்தான், ஓட்டுங்க" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது? பணத்தை எடுக்கும் முன் நீங்களே பார்க்கக்கூடியவை சில இருக்கின்றன.

இங்கே எடுத்துக்கொள்வது 1.3 லிட்டர், 1248 சிசி டீசல் இன்ஜினை. வடிவமைப்பு ஃபியட்டுடையது. மாருதியில் டிடிஐஎஸ், டாட்டாவில் குவாட்ராஜெட், ஃபியட்டில் மல்டிஜெட் என்று பெயர். ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், விஸ்டா, புன்ட்டோ என்று இத்தனை வண்டிகளில் ஓடியதால் 'நேஷனல் இன்ஜின்' என்று கேலியாகவும் சொல்வார்கள். ஸ்பேர் பார்ட்ஸுக்குப் பஞ்சமில்லை என்பது இதில் ஒரு நன்மை. மாருதி 2020 ஏப்ரலோடு டீசலை நிறுத்திவிட்டது. அதனால் இப்போது கைமாறும் மாருதி டீசல் எதுவும் ஓடித் தேய்ந்ததுதான்.

சத்தம் ஏன் வருகிறது

பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்ட்டையும், வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட்டையும் இணைத்து ஓடுவது டைமிங் செயின். அது தளராமல் இருக்க டென்ஷனர் என்ற பாகம், செயின் உரசி ஓடும் கைடு என்ற பட்டையை அழுத்திக்கொண்டே இருக்கும். அந்த அழுத்தம் இன்ஜின் ஆயிலிலிருந்து வருகிறது. இரவு முழுக்க வண்டி நின்றால் ஆயில் கீழே இறங்கிவிடும். ஸ்டார்ட் செய்து பிரஷர் ஏறும்வரை செயின் தளர்ந்தே ஓடும். செயினும் பழைய சைக்கிள் செயின் மாதிரி தேய்ந்து நீண்டிருந்தால், பிரஷர் ஏறிய பிறகும் தளர்வு போகாது.

படி 1: எப்போது சத்தம் வருகிறது என்று கவனியுங்கள்

இரவு முழுக்க நிறுத்திய வண்டியைக் காலையில் பொனெட்டைத் திறந்து வைத்து, வேறொருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் பெல்ட் பக்கம் நின்று கேளுங்கள். துண்டு, துப்பட்டா, தளர்ந்த சட்டைக் கை எதுவும் பெல்ட் அருகே போகக் கூடாது.

ஓரிரு நொடியில் அடங்கினால் அவசரமில்லை. ஐந்தாறு நொடிக்கு மேல் நீடித்தாலோ வாரத்துக்கு வாரம் கூடினாலோ தள்ளிப்போடாதீர்கள். இன்ஜின் சூடான பிறகும் ஐடிலில் கேட்டுக்கொண்டே இருந்தால் அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு ஒர்க்‌ஷாப் போகாதீர்கள், டோ செய்யுங்கள். செயின் பல் தாண்டினால் பிஸ்டனும் வால்வும் மோதிக்கொள்ளலாம். வால்வை அழுத்தும் ராக்கர் ஆர்ம் ஒடியலாம், வால்வும் வளையலாம். அப்புறம் அது செயின் வேலை இல்லை, சிலிண்டர் ஹெட்டையே கழற்றும் வேலை.

வாங்கப் போகிற வண்டி என்றால், சோதிக்கும் முன் பொனெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் யாரோ முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து சத்தத்தை அடக்கியிருக்கலாம். மறுநாள் காலை வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள்.

படி 2: செயின்தானா?

பெல்ட் டென்ஷனர், ஆல்டர்னேட்டர் புல்லி, ஏசி கம்ப்ரஸர் பேரிங் எல்லாம் அதே பக்கத்தில்தான் இருக்கின்றன, சத்தமும் கிட்டத்தட்ட அப்படியே வரும். மெக்கானிக்கிடம் சொல்லி, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது பெல்ட்டைக் கழற்றிவிட்டு அரை நிமிடம் மட்டும் ஓட விடச் சொல்லுங்கள். அதற்கு மேல் வேண்டாம், பெல்ட் இல்லாமல் வாட்டர் பம்ப் சுற்றாது. சத்தம் போய்விட்டால் உங்கள் செலவு ஒரு பேரிங்கோடு முடிந்தது. இந்தச் சோதனையைச் செய்யாமலே இன்ஜினைப் பிரிக்கச் சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

படி 3: ஆயில்

டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். டீசலில் ஆயில் கறுப்பாக இருப்பது சகஜம், அளவுதான் முக்கியம். குறைந்திருந்தாலோ, முந்தைய ஓனர் எப்போது மாற்றினார் என்று தெரியாவிட்டாலோ, மேனுவலில் சொன்ன கிரேடு ஆயிலும் நல்ல ஃபில்டரும் மாற்றுங்கள். சில நாள் காலையில் மறுபடி கேளுங்கள். ஓரிரு நொடி வந்த சத்தம் இதிலேயே நின்றுபோவதுண்டு. சத்தத்தை மறைக்கக் கெட்டியான ஆயில் ஊற்றும் யோசனைக்கு மட்டும் தலையாட்டாதீர்கள். குளிர்ந்த இன்ஜினில் அது மேலே ஏற இன்னும் நேரமாகும், டென்ஷனர் அவ்வளவு நேரம் காய்ந்து கிடக்கும்.

படி 4: ஸ்கேன்

ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரை வண்டியில் இணைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பி0016 (P0016) என்ற பிழைக் குறியீடு வந்தால் கிராங்க் சொல்லும் நிலையும் கேம் சொல்லும் நிலையும் பொருந்தவில்லை என்று பொருள். சென்சார் கோளாறாலும் வரலாம். ஆனால் சத்தமும் குறியீடும் சேர்ந்து வந்தால் செயின் நீண்டிருக்கவே வாய்ப்பு அதிகம்.

படி 5: டென்ஷனர் மட்டுமா, முழு கிட்டா?

பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். இந்த இன்ஜினில் செயினைத் தொட முன் கவர் கழற்ற வேண்டும். அதற்கு இன்ஜினுக்கு முட்டுக் கொடுத்து, மவுண்ட், கிராங்க் புல்லி, சம்ப் (அடியிலுள்ள ஆயில் தொட்டி) எல்லாம் கழற்ற வேண்டும். டென்ஷனர் ஒன்றை மாற்றினாலும் எல்லாவற்றையும் மாற்றினாலும் கூலியில் பெரிய வித்தியாசம் வராது. ஆகவே கவரைத் திறந்தால் செயின், டென்ஷனர், கைடுகள், ஸ்ப்ராக்கெட்டுகள் (செயின் ஓடும் பல் சக்கரங்கள்), ஆயில் சீல் எல்லாமே புதிது, அதுதான் முழு கிட். தேய்ந்த ஸ்ப்ராக்கெட்டில் புதுச் செயினைப் போட்டால் அதுவும் சீக்கிரம் தேயும். வெளியிலிருந்தே டென்ஷனரைக் கழற்றும்படி அமைந்த வேறு இன்ஜின் என்றால் அதை மட்டும் மாற்றிப் பார்க்கலாம். அப்போதும் பழைய டென்ஷனரின் முனை முழுக்க வெளியே தள்ளியிருந்தால் செயினே நீண்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மொத்தச் செலவு வண்டியின் இன்றைய விலையில் பாதியைத் தொட்டால், ரிப்பேர் செய்யாமல் குறையைச் சொல்லியே விற்றுவிடுவதுதான் என் கணக்கு.

படி 6: மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியவை

"டைமிங் லாக் டூல் வெச்சிருக்கீங்களா?" என்று முதலில் கேளுங்கள். செயின் மாற்றும்போது கிராங்க்கையும் கேமையும் சரியான நிலையில் பூட்டி வைக்கும் கருவி அது. "பெயின்ட் மார்க் போட்டா போதும் சார்" என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள். செயின் ஏற்கெனவே நீண்டிருந்தால் பழைய நிலையில் போட்ட குறியும் தவறாகவே இருக்கும். பூட்டிய பிறகு சாவி போடும் முன் கிராங்க்கை ஸ்பேனரால் இரண்டு முழுச் சுற்று கையால் சுற்றி, எங்கும் தட்டவில்லை என்று காட்டச் சொல்லுங்கள். கிட்டின் பில்லைத் தனியாகவும் கூலியைத் தனியாகவும் எழுதி வாங்குங்கள். கழற்றிய செயினையும் கைடுகளையும் ஒரு பையில் போட்டுத் தரச் சொல்லுங்கள். கைடில் ஒரு துண்டு உடைந்து காணாமல் போயிருந்தால், சம்ப்பையும் ஆயில் ஸ்ட்ரெய்னரையும் (வடிகட்டி) சுத்தம் செய்தார்களா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.