காசிமேட்டு ஈயமும் மிக்-15 மாடலும்

மிக்-15 என்ற சோவியத் ஜெட் போர்விமானத்தின் 1/72 அளவு பிளாஸ்டிக் மாடல் கிட்டை ஒட்டுவது பெரிய வேலையில்லை. ஒட்டி முடித்ததும் அது வாலில் உட்கார்ந்துவிடும், அதுதான் தொல்லை. 1946-ல் பறந்த யாக்-15 என்ற சோவியத் ஜெட்டின் மாடலுக்கு இந்தச் சிக்கலே கிடையாது. யாக்-3 என்ற புரொப்பல்லர் விமானத்தின் உடம்பில் ஜெட் எஞ்சினைப் பொருத்தியது அது, வால் சக்கரத்தில்தான் நிற்கும். (எஞ்சின் அனல் படுமென்று அந்தச் சக்கரத்தை முழு இரும்பில் செய்தார்கள், டயர் கறுப்பு அடித்துவிடாதீர்கள்.)

முன்சக்கரத்தில் நிற்கும் மிக்-15-க்கு மூக்கில் எடை வேண்டும். காசிமேட்டில் வலைச் சாமான் விற்கும் கடைகளில் ஈயக் குண்டு கேட்டு வாங்குங்கள். மூக்கு காலியாகத் தெரிந்தாலும் உள்ளே இடம் குறைவு: வாயில் நுழையும் காற்று இரண்டாகப் பிரிந்து விமானியின் இருபுறமும் சுற்றித்தான் எஞ்சினுக்குப் போகும். காக்பிட் தரைக்கு அடியிலும் முன்சக்கரக் குழியின் பக்கங்களிலும் ஈயத்தைச் சுத்தியால் தட்டிச் செருகுங்கள். உடம்பு, இறக்கை, வால் எல்லாவற்றையும் டேப் போட்டுச் சேர்த்து, பின்சக்கரம் வரும் இடத்தில் பென்சில் மேல் வைத்துப் பாருங்கள். மூக்கு சாய்ந்த பிறகும் இன்னும் கொஞ்சம் சேர்த்துவிடுங்கள்.

ஒட்டுவதற்கு ஃபெவிகால் கூடவே கூடாது. அந்த வெள்ளைப் பசை ஈயத்தை மெல்ல அரித்து வெள்ளையாகப் பூக்க வைக்கும். அது உப்பி, சில மாதம் கழித்து ஒட்டிய மூக்கையே பிளந்துவிடும். இரண்டு டியூப் கலக்கும் அரால்டைட்தான் சரி. ஈயத்தை அரம் போட்டு ராவாதீர்கள், தொட்டால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

இறக்கை 35 டிகிரி பின்சாய்ந்தது. அப்படிச் சாய்ந்தால் காற்று நுனிப் பக்கம் வழுக்கும். அதைத் தடுக்கத்தான் ஒவ்வொரு இறக்கையின் மேலும் இரண்டு தடுப்புத் தகடுகள். கிட்டில் இவை தடியாக இருக்கும், தேய்த்து மெலிதாக்குங்கள். இறக்கை எவ்வளவு சாய்ந்திருந்தாலும் தகடு உடம்புக்கு இணையாகவே நிற்க வேண்டும்.

பீரங்கிகளை இடம் மாற்றி ஒட்டுபவர்கள் நிறைய. விமானியின் வலப்பக்கம் 37 மி.மீ. ஒன்று, இடப்பக்கம் 23 மி.மீ. இரண்டு.

வெள்ளி நிற லாக்கர் பெயின்ட்டை மழை நாளில் அடிக்க வேண்டாம். தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிரும். ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கத்து ஈரக்காற்று அதில் படிந்து பெயின்ட் வெளுத்துப்போகும். வெயில் ஏறிய பிறகு, கடல்காற்று திரும்புவதற்குள் முடித்துவிடுங்கள். வெளுத்துவிட்டால் சுரண்டாதீர்கள்: கார் பெயின்ட் கடையில் மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் தின்னர் வாங்கி, உதிரிப் பிளாஸ்டிக்கில் சோதித்துவிட்டு, மேலே பனி போல் மெல்லத் தெளித்தால் வெண்மை பெரும்பாலும் போய்விடும்.