1600-கள்ல அமெரிக்கால வாழ்ந்த ஒருத்தரை கோர்ட் புக், நிலப் பத்திரம் வச்சு தேடிப் பிடிக்கிறது எப்படி

என் மருமகளோட அம்மா வழி குடும்பம் வர்ஜீனியா. ஒரு லீவுல உக்காந்து அவங்க வம்சாவளியை எழுதிப் பாத்தோம், 1850 வரைக்கும் சரசரன்னு போச்சு, அதுக்கு முன்னாடி அப்படியே நின்னுடுச்சு. காரணம் இதுதான், அமெரிக்கால 1790ல இருந்தே சென்சஸ் இருந்தாலும் வீட்ல இருக்கிற எல்லார் பேரையும் எழுத ஆரம்பிச்சது 1850ல தான், அதுவும் அடிமையா இல்லாதவங்க பேரை மட்டும். அதுக்கு முன்ன குடும்பத் தலைவர் பேர், மத்தவங்க எல்லாம் வெறும் எண்ணிக்கை. இன்னும் பின்னாடி 1600-கள்னு போனா இப்படி தொடர்ந்து எடுத்த சென்சஸே கிடையாது. அங்க நமக்குப் பெரும்பாலும் கை குடுக்கிறது ரெண்டே விஷயம், கோர்ட் புக், நிலப் பத்திரம்.

புதுசா ஆரம்பிக்கிறவங்க சொந்தக் குடும்பத்துல கை வைக்கிறதுக்கு முன்னாடி, ஏற்கனவே ஆராய்ச்சியாளர்கள் நல்லா தேடி வச்சிருக்கிற ஒருத்தரை எடுத்து பழகிக்கிறது நல்லது. நான் அந்தோணி ஜான்சனை எடுத்துக்கிறேன். ஆப்பிரிக்கால இருந்து வர்ஜீனியாவுக்குக் கொண்டு வரப்பட்டு, அப்புறம் சுதந்திரமாகி, சொந்த நிலம் வச்சு வாழ்ந்தவர். டைரி, கடிதம் எதுவும் நமக்குக் கிடைக்கல, இருந்தும் அவர் வாழ்க்கையை ஐம்பது வருஷத்துக்கு தொடர முடியுது.

முதல் வேலை, ஊரை சரியாப் பிடிக்கிறது

பேரை வச்சு தேடாதீங்க, கவுண்டியை வச்சு தேடுங்க. கவுண்டின்னா நம்ம ஊர் மாவட்டம் மாதிரி, கோர்ட்டும் பத்திரப் பதிவும் அந்த ஒரே இடத்துலதான். பிரச்சனை என்னன்னா மாவட்டம் பிரிச்சா பழைய ரெக்கார்டு பழைய இடத்துலயே இருந்துடும். ஜான்சன் நிலம் புங்கோடீக் ஓடைப் பக்கம், இன்னிக்கு மேப்ல பாத்தா அது அக்கோமாக் கவுண்டி. ஆனா அவர் வாங்கின 1651ல அது நார்த்ஹாம்ப்டன் கவுண்டி, 1663ல தான் அக்கோமாக் தனியா பிரிஞ்சது. அதனால ரெக்கார்டு இருக்கிறது ஈஸ்ட்வில்ல இருக்கிற நார்த்ஹாம்ப்டன் கோர்ட்ல. அங்க 1632ல இருந்து புக் விடாம இருக்கு, அமெரிக்காலயே இடைவெளி இல்லாம தொடர்ற பழைய கோர்ட் ரெக்கார்டு அதுதான்னு சொல்வாங்க. எல்லா இடத்துக்கும் இந்த அதிர்ஷ்டம் இல்ல, 1865 ஏப்ரல்ல உள்நாட்டுப் போர் முடியிற நேரத்துல ரிச்மண்ட் எரிஞ்சப்ப பல கவுண்டி புக்கெல்லாம் சாம்பலாச்சு. உங்க கவுண்டி எரிஞ்ச லிஸ்ட்ல இருந்தா மனசு விட்டுடாதீங்க, பக்கத்து கவுண்டி புக்கையும் மாகாண அளவுல இருக்கிற நிலப் பட்டாவையும் பாருங்க.

அடுத்து பட்டா

காலனி அரசாங்கம் முதல் தடவையா ஒருத்தருக்கு குடுக்கிற நிலத்துக்கு பேர் பேட்டன்ட், நம்ம பாஷைல அசல் பட்டா. வர்ஜீனியால பல வருஷம் இது ஹெட்ரைட் கணக்குல ஓடுச்சு, ஒரு ஆளை காலனிக்கு கொண்டு வந்தா தலைக்கு 50 ஏக்கர். வர்ஜீனியா மாநில நூலகத்தோட சைட்ல இந்தப் பட்டா புக்கோட படங்களை இலவசமா பாக்கலாம்.

1651 ஜூலைல அந்தோணி ஜான்சனுக்கு 250 ஏக்கர். அப்ப அஞ்சு தலை. அந்த அஞ்சு பேரும் பட்டாவுல இருக்கு: தாமஸ் பெம்ரோஸ், பீட்டர் பக்பி, அந்தோணி கிரிப்ஸ், ஜான் கெசரோரோ, ரிச்சர்ட் ஜான்சன். புதுசா பாக்கிறவங்க உடனே "ஓ, இந்த அஞ்சு பேரையும் இவரே கூட்டிட்டு வந்தார்"னு எழுதிடுவாங்க. அப்படி எழுதக் கூடாது, ஹெட்ரைட்டை கைமாத்தி வித்தாங்க, வாங்கினாங்க, கடைசில ரிச்சர்ட் ஜான்சன்ங்கிறது அவர் மகனோட பேராவே இருக்கு. ஆனா பேரை வாய் விட்டு படிச்சுப் பாருங்க. கெசரோரோ. இன்னும் நாலு வருஷத்துல கோர்ட்ல வரப்போற ஜான் கேசர்ங்கிற ஆள் இவராவே இருக்கலாம்னு நினைக்கிறவங்க உண்டு. குமாஸ்தா காதுல விழுந்தபடி எழுதுவார், அதனால ஸ்பெல்லிங்கை நம்பாதீங்க, சத்தத்தை நம்புங்க.

இதே ஹெட்ரைட் லிஸ்ட்லதான் 1635ல ஜார்ஜ் மெனிஃபிங்கிறவரோட கணக்குல "டோனி, ஈஸ்ட் இண்டியன்"னு ஒரு பேர் வருது. நம்ம பக்கத்து ஆள், எந்தக் கரைல இருந்து போனாரோ, ஊர் பேர் இல்ல. முதல் தடவை அதைப் படிச்சப்ப கொஞ்ச நேரம் ஸ்க்ரீனையே பாத்துட்டு இருந்தேன்.

விக்கிரயப் பத்திரம்

பட்டாவுக்கு அப்புறம் நிலம் கைமாறினதெல்லாம் கவுண்டி பத்திர புக்ல இருக்கும். எழுதிக்கொடுத்தவர் இண்டெக்ஸ், எழுதி வாங்கினவர் இண்டெக்ஸ்னு ரெண்டு இருக்கும், ரெண்டையும் பாருங்க, பலர் வாங்கினதை மட்டும் பாத்துட்டு வித்ததை விட்டுடறாங்க. வாங்கின பத்திரமே இல்லாம வித்த பத்திரம் மட்டும் இருந்தா நிலம் அப்பா கிட்ட இருந்தோ மாமனார் கிட்ட இருந்தோ வந்திருக்கலாம், உயிலைத் தேடணும். குடும்ப சொந்தம் வெளிய வர்றது பெரும்பாலும் அந்த இடத்துலதான்.

நான்கெல்லை எழுதியிருக்கிற பகுதியை தாண்டிப் போயிடாதீங்க. "வெள்ளை ஓக் மரத்துல ஆரம்பிச்சு, வடக்குல இருந்து கிழக்கா 45 டிகிரி, 60 போல்"னு போகும். ஒரு போல்னா பதினாறரை அடி, அப்ப 60 போல் 990 அடி, 160 சதுர போல் சேர்ந்தா ஒரு ஏக்கர். கிராப் பேப்பர்ல வரைஞ்சு பாத்தா எல்லைக்காரங்க யார்னு தெரியும். கல்யாணம் பண்ணினது, சாட்சி போட்டது, கடன் குடுத்தது எல்லாம் பெரும்பாலும் இந்தப் பக்கத்து நிலத்துக்காரங்கதான், அவங்க பேரையும் எழுதி வச்சுக்கோங்க.

இன்னொண்ணு, நிலத்தை விக்கும்போது மனைவிக்கு அதுல இருக்கிற உரிமையை விட்டுக்கொடுக்கிறதா தனியா ஒரு வரி இருக்கும், அவங்களை புருஷன் இல்லாதப்ப தனியா விசாரிச்சு எழுதுவாங்க. எங்க மருமகள் பக்கத்து தேடல்ல அஞ்சு தலைமுறைக்கு முந்தின பாட்டி பேர் வேற எங்கயுமே இல்ல, பத்திரத்தோட கடைசில பொடி எழுத்துல இருந்த அந்த வரியிலதான் இருந்துச்சு. அதனால பத்திரத்தை கடைசி எழுத்து வரைக்கும் படிங்க.

கோர்ட் ஆர்டர் புக்

எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான். கடன், மாடு, வரி, வேலி, சண்டை எல்லாமே இதுல இருக்கும்.

1653ல ஜான்சன் தோட்டம் தீப்பிடிச்சு பெரிய நஷ்டம். கோர்ட்டுக்குப் போறார். அவர் மனைவி மேரிக்கும் ரெண்டு பெண்களுக்கும் ஆயுசு முழுக்க வரி வேண்டாம்னு கோர்ட் ஆர்டர் போடுது. இதுல ரெண்டு விஷயம் கவனிங்க. ஒண்ணு, பொம்பளைங்களுக்கு எதுக்கு வரி? 1643 சட்டப்படி கறுப்பினப் பெண்களையும் வரிக் கணக்குல சேத்துட்டாங்க, வெள்ளைக்காரப் பெண்களுக்கு அது இல்ல. சட்டம் தெரிஞ்சாதான் இந்த ஆர்டர் எவ்வளவு பெரிய விஷயம்னு புரியும். ரெண்டாவது, இவங்க முப்பது வருஷத்துக்கு மேல வர்ஜீனியால இருக்காங்கன்னு அதே ஆர்டர்ல வருது. 1653ல இருந்து முப்பதைக் கழிச்சா 1623க்கு முன்னாடி. இப்ப 1625ல எடுத்த ஆள் கணக்கைத் திறந்தா பென்னட் தோட்டத்துல 1621ல ஜேம்ஸ் கப்பல்ல வந்த "அன்டோனியோ"வும் 1622ல மார்கரெட் அண்ட் ஜான் கப்பல்ல வந்த "மேரி"யும் இருக்காங்க. அன்டோனியோதான் அந்தோணி ஜான்சன்னு எந்த ரெக்கார்டும் நேரா சொல்லல, மேரிங்கிற பேரும் முப்பது வருஷக் கணக்கும் சேர்ந்துதான் அதைத் தாங்குது. உங்க நோட்லயும் "ரெக்கார்டு சொல்றது", "நான் சேர்த்துப் பாத்தது"ன்னு ரெண்டையும் தனித்தனியா எழுதுங்க.

அடுத்து வர்றது படிக்க கஷ்டமான கேஸ். ஜான் கேசர் நான் ஏழெட்டு வருஷ ஒப்பந்தத்துக்குத்தான் வந்தேன், அது முடிஞ்சு ரொம்ப நாளாச்சுன்னு சொல்றார். ஜான்சன், இல்ல, ஆயுசு முழுக்க எனக்குத்தான்ங்கிறார். வாக்குமூலத்துல, ஜான்சனோட மனைவியும் பிள்ளைகளும் மருமகனும் அவரை விட்டுடச் சொல்லி வற்புறுத்தினாங்கன்னு கூட இருக்கு, அவரும் முதல்ல விட்டுட்டார். கேசர் பக்கத்துல ராபர்ட் பார்க்கர் கிட்ட வேலைக்குப் போனதும் ஜான்சன் மனசு மாறி வழக்குப் போட, 1655 மார்ச் 8 அன்னிக்கு கேசரை ஜான்சன் கிட்டயே திருப்பி விடச் சொல்லி தீர்ப்பு. தானே அடிமைத்தனத்துல இருந்து வெளிய வந்த ஒருத்தர் இப்படி செஞ்சிருக்கார். இப்படி ஒண்ணு உங்க குடும்பத்துல கிடைச்சா தயவு செஞ்சு மறைக்காதீங்க, கேசர் வாய் திறந்து கேட்ட ஒரே இடம் நமக்குத் தெரிஞ்சு அந்தப் பக்கம்தான்.

உங்க முன்னோர் அடிமையா இருந்தவங்கன்னா அவங்க பேர் பெரும்பாலும் அடுத்தவங்க உயில்லயும் சொத்துப் பட்டியல்லயும் மாட்டுக்கும் பானைக்கும் நடுவுலதான் இருக்கும். மனசு வலிக்கும், ஆனா அங்க போய்த்தான் ஆகணும்.

தேதியில ஏமாந்துடாதீங்க

1752க்கு முன்னாடி இங்கிலாந்து காலனிகள்ல புது வருஷம் மார்ச் 25 அன்னிக்குத்தான் பிறக்கும். அதனால மேல சொன்ன மார்ச் 8 தீர்ப்பு பழைய கணக்குல 1654, நம்ம கணக்குல 1655. 1654/55னு ரெண்டையும் எழுதிடுங்க, இல்லாட்டி அப்பா இறந்த அப்புறம் பத்து மாசம் கழிச்சு உயில் எழுதின மாதிரி ஆயிடும்.

ஒரே பேர்ல ரெண்டு பேர்

நார்த்ஹாம்ப்டன்லயே அந்தோணி லாங்கோன்னு இன்னொரு கறுப்பினத்தவர் இருந்தார். வெறும் "அந்தோணி"ன்னு வர்ற ரெக்கார்டு எல்லாம் ஜான்சன் இல்ல. மனைவி பேர், ஓடை பேர், பக்கத்து நிலத்துக்காரர், கைநாட்டோட வடிவம், இதுல குறைஞ்சது ரெண்டு பொருந்தினாத்தான் நான் சேர்ப்பேன். ஜூனியர், சீனியர்னு இருந்தா அப்பா மகன்னு நினைச்சுடாதீங்க, அந்தக் காலத்துல ஊர்ல ஒரே பேர்ல இருக்கிற சின்னவர் பெரியவரைப் பிரிக்கவும் அப்படித்தான் எழுதினாங்க.

ஆள் காணாம போனா

1660-கள் நடுவுல வர்ஜீனியா புக்ல ஜான்சன் குடும்பம் மறையுது. இறந்துட்டார்னு முடிவு பண்ணாம எல்லையைத் தாண்டி மேரிலாண்ட் சோமர்செட் கவுண்டியைப் பாருங்க, அங்க 300 ஏக்கர் குத்தகை, தோட்டத்துக்கு டோனிஸ் வைன்யார்டுன்னு பேர். மேரிலாண்ட் ஆவணக் காப்பகத்தோட சைட்ல சோமர்செட் கோர்ட் புக் சிலதை டைப் பண்ணியே வச்சிருக்காங்க, பழைய கையெழுத்து படிக்கத் தெரியாதவங்க இதுலயே ஆரம்பிக்கலாம். 1670ல மேரி தன் பேர்ல 99 வருஷத்துக்கு புதுசா குத்தகை போடறாங்க, இறப்பு சர்டிபிகேட் இல்லாத காலத்துல புருஷன் போயிட்டார்னு நமக்கு சொல்றது இந்த மாதிரி பத்திரம்தான்.

அதே 1670 ஆகஸ்ட்ல வர்ஜீனியால ஒரு ஜூரி உக்காந்து, இறந்து போன அந்தோணி ஒரு நீக்ரோ, அதனால அந்நியர், அவர் அங்க விட்டுட்டு வந்த நிலம் அரசாங்கத்துக்குச் சேரும்னு சொல்லிடுச்சு. 1651ல பட்டா குடுத்த அதே காலனி. ரெண்டு பக்கத்தையும் பிரிண்ட் எடுத்து பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க, நடுவுல இருக்கிற அந்த 19 வருஷத்துல அங்க என்ன மாறிப்போச்சுன்னு தெரியும்.

அவரோட நின்னுடாம பேரப்பிள்ளைங்க வரைக்கும் தேடுங்க. 1677ல பேரன் ஜான் ஜான்சன் சோமர்செட்ல 44 ஏக்கர் வாங்கறார். மேரிலாண்ட்ல நிலத்துக்கெல்லாம் பேர் வைக்கிற வழக்கம் உண்டு, அவர் தன் நிலத்துக்கு வச்ச பேர் அங்கோலா.