கடைமடை வரை சென்று பார்ப்பது: சுயாதீன வீடியோ கேம்களின் கவனிக்கப்படாத சாதனைகளைப் பாராட்டும் முறை

தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ ஒரு கல்லூரி அரங்கில், டெல்டா மாவட்ட இளைஞர்கள் தனியாகவும் சிறு குழுக்களாகவும் உருவாக்கிய வீடியோ கேம்களைப் பாராட்டும் மாலை ஒன்றை நடத்த நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மேட்டூரில் திறந்துவிட்ட தண்ணீர் ஆற்றில் ஓடுவதை எல்லோரும் பார்ப்பார்கள். அது கடைமடை வயலை எட்டியதா என்பதை அங்கே நடந்து போனவர்தான் அறிவார். கேம்களிலும் அப்படியே நடந்து போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது.

விண்ணப்பங்களுக்காகக் காத்திருக்க வேண்டாம். காத்திருந்தால் தம்மைப் பற்றி எழுதத் தெரிந்தவர்கள் மட்டுமே வருவார்கள். சுயாதீன கேம்களைப் பதிவேற்றும் இட்ச்.ஐஓ தளத்திலும், சில நாட்களுக்குள் ஒரு கேமை உருவாக்கும் போட்டிகளான கேம் ஜாம்களில், 2002 முதல் நடந்துவரும் லூடம் டேர் போன்றவற்றின் பட்டியல்களிலும், அதிகம் பேர் எட்டிப் பார்க்காத பக்கங்களிலிருந்து நீங்களே தேடத் தொடங்குங்கள்.

கிடைத்த கேமை விலை குறைந்த பழைய போனில் முடிவு வரை ஆடுங்கள். நடுவில் அழைப்பு வந்தாலும் சார்ஜ் தீர்ந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடர முடிகிறதா, ஒலியை அணைத்தாலும் கதை புரிகிறதா, விரல் வேகம் குறைந்தவருக்கு வழி இருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். 2018-ல் வந்த செலஸ்ட் என்ற கேம், ஆட்டத்தின் வேகத்தையே குறைத்துக்கொள்ள இடம் தந்தது. அத்தகைய அக்கறையை ஒரு கல்லூரி மாணவர் தம் முதல் கேமிலேயே காட்டியிருந்தால் அதைத் தவறவிடக் கூடாது.

தமிழ் எழுத்துக்குத் தனி நேரம் ஒதுக்குங்கள். ‘கொ’ என்ற எழுத்தைக் கணினி ககரமாகவும் ஒகரக் குறியாகவும் அடுத்தடுத்துச் சேமிக்கிறது. திரையிலோ கொம்பு முன்னும் கால் பின்னும் அமைய வேண்டும். இதைச் செய்யத் தெரியாத எஞ்சினில், அதாவது கேமை உருவாக்கப் பயன்படும் மென்பொருளில், கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நின்றுவிடும். 2023-ல் வெளியான கோடோ 4 என்ற எஞ்சின் இதைத் தானே கவனித்துக்கொள்கிறது. அதற்கு முந்தைய பதிப்பில் ஒரு முழுக் கதையைப் பிழையின்றித் தமிழில் காட்டியவர் அதற்கென்றே தனியாக உழைத்திருப்பார். வேலை நன்றாக முடிந்ததாலேயே அது யார் கண்ணிலும் படுவதில்லை. அழகான முகப்புப் படத்தைவிட இதையே நான் மேலாக மதிப்பேன்.

டொரான்டோவின் விசை கேம்ஸ் 2023-ல் வெளியிட்ட ‘வெண்பா’ என்ற கேம், மறுஆண்டு சான் பிரான்சிஸ்கோவில் நடந்த சுயாதீன கேம் விழாவில் முதன்மைப் பரிசை வென்றது; தமிழ்க் குடும்பத்துச் சமையலறை அந்த மேடை வரை சென்றதில் எனக்குப் பெருமை உண்டு. அந்த விழா ஒலி, கதை, வடிவமைப்பு என்று தனித்தனியாகவும் பரிசளிக்கிறது. நாம் இன்னும் நுணுக்கமாகப் பிரிக்கலாம்.

பிறகு உருவாக்கியவரிடம் பேசுங்கள். எந்தப் பிழை அதிக நாள் எடுத்தது, எதை மனமில்லாமல் நீக்கினீர்கள், யார் ஆடிப் பார்த்துக் குறை சொன்னார்கள் என்று கேட்டால், திரையில் பெயர் வராத பலர் வெளிப்படுவார்கள். பின்னணியில் நாதஸ்வரம் ஒலித்தால் வாசித்தவரின் பெயரையும், அவருக்கு ஊதியம் கிடைத்ததா என்பதையும் கேளுங்கள்.

பாராட்டுரையில் ‘சிறந்த முயற்சி’ என்று எழுதாதீர்கள். செய்த வேலையைப் பெற்றோருக்கும் புரியும் தமிழில் பெயர் சொல்லி எழுதி, உரியவரிடம் முன்கூட்டியே காட்டி ஒப்புதல் பெறுங்கள். அன்று மாலை, கொம்பு இடம் மாறிய பழைய திரையை முதலிலும் திருத்திய திரையை அடுத்தும் அரங்கில் காட்டிவிட்டு, அதன் பிறகு பாராட்டுரையை வாசியுங்கள்.