ட்ரீ சேடிலில் அமர்ந்து துப்பாக்கியால் மான் வேட்டை: முதன்முறை ஏறுபவர்களுக்கான செய்முறை

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 2019 முதல் ரைஃபிள் சீசன், நவம்பர் நான்காம் வியாழனன்று வரும் தேங்க்ஸ்கிவிங்கிற்கு அடுத்த சனிக்கிழமை தொடங்குகிறது. அன்று விடிவதற்குள் மாநில வேட்டை நிலங்களின் பார்க்கிங் இடங்கள் நிரம்பிவிடும். சிலர் இரும்புப் பரணை முதுகில் சுமந்துகொண்டு மூச்சிரைக்க நடப்பார்கள். ஒரு சின்னப் பையோடு அவர்களைத் தாண்டிப் போகிறவர் அநேகமாக சேடில்காரராக இருப்பார்.

ட்ரீ சேடில் என்பது இடுப்பையும் தொடையையும் தாங்கும் அகலமான துணிப்பட்டை. இரண்டு இடுப்புப் பக்கங்களையும் இணைக்கும் கயிற்றுக்கு பிரிட்ஜ் என்று பெயர். மரத்தைச் சுற்றிக் கட்டும் கயிறு டெதர். பிரிட்ஜை டெதரில் மாட்டி, சின்ன பிளாட்ஃபார்மில் கால் ஊன்றி, மரத்தைப் பார்த்தபடி பின்னுக்குச் சாய்ந்து தொங்குவீர்கள். ஊஞ்சல் பலகையில் உட்கார்ந்து சுவரில் கால் வைத்ததுபோல இருக்கும்.

இது வெகுகாலம் வில் வேட்டைக்காரர்களின் கருவியாகவே இருந்தது. இணையத்தில் கிடைக்கும் பாடங்களில் பெரும்பாலானவை அதனால் வில்லை மனதில் வைத்துச் சொல்லப்பட்டவை. துப்பாக்கிக்காரருக்கு ஏறும் முறை அதேதான். துப்பாக்கி எப்போது கையில் இருக்கலாம், எப்போது அதில் தோட்டா இருக்கலாம் என்பதில்தான் எல்லாம் மாறுகிறது. இங்கே நான் அழுத்திச் சொல்லப்போவதும் அந்த வரிசையைத்தான்.

படி 1: காகித வேலை

முதன்முறை லைசென்ஸ் வாங்குபவர் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை முடித்திருக்க வேண்டும். கொம்பில்லாத மானைச் சுட தனி அனுமதிச் சீட்டு. கொம்புள்ள ஆண் மானுக்குக் கொம்பின் முனைக் கணக்கு உண்டு, அது பகுதிக்குப் பகுதி மாறும். அந்த ஆண்டின் கையேட்டைப் படித்துக்கொள்ளுங்கள்.

எச்1பி, எஃப்1 விசாவில் இருக்கும் நம்மவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. குடியேற்றம் சாராத விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருந்தால் விலக்கு உண்டு. ஆனால் பென்சில்வேனியா லைசென்ஸ் ஜூன் 30-ஓடு முடிகிறது. புதுப்பிக்காமல் விட்டால் அலமாரியில் இருக்கும் ரைஃபிளே உங்களுக்கு வழக்காக வந்து நிற்கலாம். இதில் சந்தேகம் இருந்தால் நண்பரிடம் கேட்காதீர்கள், வழக்கறிஞரிடம் கேளுங்கள். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை கிடையாது.

ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு: இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். இந்தப் பதிவு அங்கே செய்து பார்ப்பதற்கானது அல்ல.

படி 2: பொருள்கள்

சேடில், டெதர், லைன்மேன் கயிறு, மூன்று நான்கு கிளைம்பிங் ஸ்டிக் (மரத்தோடு கட்டி ஏறும் சிறு ஏணித் துண்டு), ஒரு பிளாட்ஃபார்ம், பூட்டுள்ள கேரபைனர்கள் (கயிறு மாட்டும் உலோகக் கொக்கி), துப்பாக்கியை இழுக்க ஒரு மெல்லிய கயிறு. லைன்மேன் கயிறு என்பது மின்கம்பம் ஏறுபவர்கள் இடுப்பிலிருந்து கம்பத்தைச் சுற்றிப் போடுவார்களே, அதே வகை. மரத்தில் திருகி இறக்கும் படிகள் வாங்காதீர்கள். மரத்தைக் காயப்படுத்தும் படிகளுக்கும் பரண்களுக்கும் மாநில வேட்டை நிலங்களில் தடை.

காசு குறைவாக இருந்தால் பிளாட்ஃபார்மில் மிச்சம் பிடியுங்கள். கயிற்றில் பிடிக்க வேண்டாம். பழைய கயிறு இரவல் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

துப்பாக்கி எளிமையானதாக இருக்கட்டும். போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளில் .243 அல்லது .308 தோட்டா அளவு போதும். தோட்டா அறையைக் கையால் திறந்து மூடும் தண்டுதான் போல்ட்; அது திறந்திருக்கிறதா என்று தூரத்திலிருந்தே தெரிவது புதியவருக்குப் பெரிய வசதி. மான் வேட்டையில், சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளுக்கு இங்கே அனுமதி இல்லை.

படி 3: தரையில் பழகுதல்

பிளாட்ஃபார்மைத் தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் பூட்டுங்கள். டெதரை, அதன்மேல் நின்றால் நெற்றி உயரத்தில் வருமாறு கட்டுங்கள். சாய்ந்து பாருங்கள், உட்கார்ந்து பாருங்கள். இடுப்பு எலும்பில் வலித்தால் பிரிட்ஜை நீட்டியோ குறைத்தோ, துணிப்பட்டையைக் கீழே இறக்கியோ சரி செய்யலாம். முழங்கால் மரத்தில் உரசும், அங்கே ஒரு பேட் கட்டுங்கள்.

கயிற்றின் நீளத்தை மாற்ற உதவும் புருசிக் முடிச்சை இருட்டில், கையுறையோடு, ஒரு கையால் நகர்த்தப் பழகுங்கள். சீசன் அன்று காலை நிலவரம் அதுதான். பிறகு காலித் துப்பாக்கியை எடுத்து நான்கு திசையும் குறி வைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் உடம்பு திரும்பும், எந்தப் பக்கம் திரும்பாது என்று அங்கேயே தெரிந்துவிடும்.

படி 4: மரம்

உயிருள்ள, நேரான, உங்கள் தொடையைவிடப் பருமனான மரம். பென்சில்வேனியாக் காடுகளில் ஆஷ் மரத்தை நம்பாதீர்கள். ஆசியாவிலிருந்து வந்த பச்சை வண்டு ஒன்று 2007-இல் இங்கே கண்டுபிடிக்கப்பட்டது. அது துளைத்த மரங்கள் வெளியே முழுசாக நின்றாலும் உள்ளே செத்திருக்கும். பட்டை பட்டையாக உரியும் ஷாக்பார்க் ஹிக்கரியும் வேண்டாம், ஒவ்வொரு அசைவுக்கும் சத்தம் போடும். மேப்பிளும் ஓக்கும் நல்லவை.

காற்று மானின் பக்கமிருந்து உங்களை நோக்கி வர வேண்டும். குடியிருக்கும் வீடுகளிலிருந்து 150 கஜத்துக்குள், உரியவரின் அனுமதியின்றி, துப்பாக்கி வேட்டை கூடாது. வலக்கைக்காரர்களுக்கு இன்னொன்று: மரத்தைப் பார்த்துத் தொங்கும்போது இடப்பக்கம் சுடுவது சுலபம், வலப்பக்கம் சிரமம். மான் வரும் என்று நினைக்கும் பாதை உங்கள் இடப்பக்கம் விழும்படி பிளாட்ஃபார்மைப் பூட்டுங்கள்.

படி 5: ஏறுதல்

தரையில் நிற்கும்போதே லைன்மேன் கயிற்றைப் போட்டுவிடுங்கள். முதல் ஸ்டிக் ஏறிய பிறகு போட்டுக்கொள்ளலாம் என்ற எண்ணமே வரக்கூடாது. ஒவ்வொரு ஸ்டிக்காகப் பூட்டி, அதன்மேல் எடையை வைத்துச் சோதித்து, பிறகே அடுத்த படி. கிளை குறுக்கிட்டால் டெதரைக் கிளைக்கு மேலே கட்டி, பிரிட்ஜோடு இணைத்து, எடையை அதற்கு மாற்றிய பிறகே லைன்மேன் கயிற்றை அவிழ்க்க வேண்டும். ஏதாவது ஒரு கயிறு எந்த நேரமும் உங்களை மரத்தோடு பிடித்திருக்க வேண்டும்.

வில்லுக்கு 20 அடி ஏறுவார்கள். துப்பாக்கிக்கு 12, 15 அடி போதும் என்பது என் கருத்து. தூரத்திலேயே சுடப்போகிறீர்கள், உயரம் கூடக் கூட குண்டு இறங்கும் கோணம்தான் செங்குத்தாகும்.

மேலே பிளாட்ஃபார்மைப் பூட்டியதும் டெதரைக் கட்டுங்கள். கேரபைனர் பூட்டு மூடியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். மெதுவாக எடையை ஏற்றுங்கள். டெதர் எப்போதும் விறைப்பாக இருக்க வேண்டும். தொய்வாக விட்டு வழுக்கினால், அந்தக் கயிறு நீளாத கயிறு, அதிர்ச்சி முழுவதும் உங்கள் இடுப்பில் இறங்கும்.

படி 6: துப்பாக்கியை மேலே எடுத்தல்

துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறுபவர்களைப் பார்க்கலாம். செய்யாதீர்கள். ஏறுவதற்கு முன் தோட்டாக்களை முழுதும் எடுத்து, போல்ட்டைத் திறந்து, தோட்டா உட்காரும் அறையில் விரல் விட்டுப் பாருங்கள். குழலின் வாயில் மண்ணோ பனியோ புகாமல் ஒரு மூடி போடுங்கள். இழுகயிற்றைத் துப்பாக்கியின் கட்டைப் பக்கம், ஸ்லிங் என்னும் தோள்வார் மாட்டும் வளையத்தில் கட்டுங்கள். இழுக்கும்போது குழல் கீழே பார்க்க வேண்டும். கயிறு டிரிகர் பக்கம் போகவே கூடாது. நீங்கள் ஏறும் வரிசைக்கு நேர் கீழே துப்பாக்கியை வைக்காதீர்கள், விழுந்தால் அதன்மேல் விழுவீர்கள்.

டெதரில் முழு எடையோடு உட்கார்ந்த பிறகு, கீழே யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு, நிதானமாக இழுங்கள். இழுத்து, கயிற்றை அவிழ்த்து, மூடியை எடுத்து, குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்து, அனுமதிக்கப்பட்ட நேரம் தொடங்கிய பிறகே தோட்டா போடுங்கள். சூரிய உதயத்துக்கு அரை மணி முன்னால் அந்த நேரம் தொடங்குகிறது. சேஃப்டியை, அதாவது டிரிகரைத் தடுக்கும் பூட்டை, போட்டு வையுங்கள்.

படி 7: காத்திருத்தல்

தலை, மார்பு, முதுகு சேர்த்து 250 சதுர அங்குலம் பளீர் ஆரஞ்சு போட வேண்டும், சுற்றிலும் தெரிய வேண்டும். சேடிலில் நெஞ்சு மரத்துக்குப் பின்னால் மறைந்துவிடும் என்பதால், மரத்தைச் சுற்றியும் ஓர் ஆரஞ்சுத் துணி கட்டிவிடுவது நல்லது. மான் பார்க்குமே என்று பயப்பட வேண்டாம். அதன் கண் ஆரஞ்சையும் பச்சையையும் நம்மைப்போலப் பிரித்தறியாது. அசைவைத்தான் உடனே பிடிக்கும். மரத்தண்டை இடையில் வைத்துக்கொண்டு, மானின் தலை ஒரு மரத்துக்குப் பின்னால் போகும்போது மட்டும் திரும்புங்கள்.

கால் மரத்துப்போகும். அரை மணிக்கு ஒருமுறை உட்காருவதும் சாய்ந்து நிற்பதுமாக மாற்றுங்கள்.

படி 8: சுடுதல்

மேலிருந்து சுடுவதில் ஒரு நன்மை, குண்டு தரையில் போய் முடிகிறது. மேட்டின் உச்சியில் வானத்தைப் பின்னணியாகக் கொண்டு நிற்கும் மானை எவ்வளவு பெரிய கொம்பு இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

முழங்காலை மரத்தில் அழுத்தி, துப்பாக்கியின் முன்கட்டையைப் பிடித்த கையை மரத்தண்டில் சாய்த்துக்கொள்ளுங்கள்; குழல் மரத்தில் படக்கூடாது. இப்போது ஒரு கண்ணியைக் கவனியுங்கள். ஸ்கோப், அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கி, குழலுக்கு சுமார் ஒன்றரை அங்குலம் மேலே இருக்கிறது. ஸ்கோப்பில் மான் தெளிவாகத் தெரியும், ஆனால் குழலின் வாய்க்கு நேராக ஒரு சிறு கிளையோ, உங்கள் உயிரைத் தாங்கும் டெதரோ இருக்கலாம். சேஃப்டியை எடுக்கும் முன் ஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்துக் குழலின் வாயை ஒருமுறை பாருங்கள். காதுக்கு எலெக்ட்ரானிக் மஃப் போடுங்கள். மரத்தண்டுக்குப் பக்கத்தில் வெடிக்கும் சத்தம் மிகக் கடுமையானது.

மான் பக்கவாட்டில் நின்றால் முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், இரண்டு நுரையீரலும் அடிபடும்படி குறி வையுங்கள். மேலிருந்து போவதால் குண்டு மறுபக்கம் கீழே வெளியேறும்; அதற்கேற்ப நுழையும் இடம் கொஞ்சம் மேலே இருக்கட்டும். மரத்துக்கு நேர் கீழே வந்துவிட்ட மானைச் சுடாதீர்கள். பத்து கஜம் போகட்டும்.

படி 9: இறங்குதல்

மான் விழுந்ததும் கை நடுங்கும், எல்லோருக்கும் நடுங்கும். மான் கடைசியாக நின்ற இடத்தையும் ஓடிய திசையையும் ஒரு மரத்தையோ பாறையையோ வைத்து மனதில் குறித்துக்கொண்டு அரை மணி அப்படியே இருங்கள். அடிபட்ட மானை உடனே விரட்டினால் அது இன்னும் தூரம் ஓடும், நடுங்கும் கையோடு கயிறு அவிழ்ப்பதும் ஆபத்து. பிறகு தோட்டாக்களை எடுத்து, போல்ட்டைத் திறந்து, குழல் கீழ்நோக்கியபடி துப்பாக்கியை இறக்குங்கள். லைன்மேன் கயிற்றைப் போட்டு, அதன்மேல் எடை இறங்கிய பிறகே டெதரை அவிழ்த்து இறங்குங்கள்.

மானை நகர்த்தும் முன் லைசென்ஸோடு வரும் அடையாளச் சீட்டை நிரப்பி அதன் காதில் கட்ட வேண்டும். பத்து நாளுக்குள் மாநில வேட்டை ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். கறி வெட்டும்போது குண்டு போன வழியைச் சுற்றித் தாராளமாக வெட்டி எறிந்துவிடுங்கள், ஈயத் துணுக்குகள் கண்ணுக்குத் தெரியாமல் அங்கே பரவியிருக்கும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் அடுத்த முறை செம்புக் குண்டு வாங்குவது உத்தமம். ஃப்ரீசரில் இடம் இல்லையென்றால், ‘ஹன்டர்ஸ் ஷேரிங் தி ஹார்வெஸ்ட்’ திட்டத்தில் சேர்ந்த கசாப்புக் கடையில் கொடுத்தால் உணவு வங்கிகளுக்குப் போய்ச் சேரும்.