சைடு வருமானம் ஆபீசில் தெரிந்துவிட்டால்

போன வருடம் ஒரு மீட்டிங்கில் ஸ்கிரீன் ஷேர் செய்துகொண்டிருந்தேன். மூலையில் வங்கி மெசேஜ் எட்டிப் பார்த்தது: 18,000 ரூபாய் வரவு, அனுப்பியது ஒரு பதிப்பகம். மூன்று விநாடிதான். சாயங்காலம் டீக்கடையில் முதல் கேள்வியே "என்னப்பா, தனியா கடை போட்டாச்சா?" நான் மழுப்பினேன். அதுதான் தப்பு, ஏனென்றால் வெள்ளிக்கிழமைக்குள் அந்த 18,000 மாதம் எண்பதாயிரமாக வளர்ந்து, நான் வேளச்சேரியில் ஃபிளாட் பார்ப்பதாகவும் பேச்சு வந்துவிட்டது.

யாருக்கும் பதில் சொல்வதற்கு முன் ஆஃபர் லெட்டரை எடுத்துப் படியுங்கள். வெளிவேலைக்கு எழுத்தில் முன்அனுமதி வேண்டும் என்று பெரும்பாலும் இருக்கும். 2022-ல் போட்டி நிறுவனங்களுக்கும் வேலை பார்த்ததாகச் சொல்லி விப்ரோ 300 பேரை வெளியே அனுப்பியது. அதே வருடம் இன்ஃபோசிஸ், போட்டி இல்லாத சில்லறை வேலைகளுக்கு மேனேஜர், ஹெச்ஆர் அனுமதியோடு சரி என்றது. ஆக, கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். அனுமதி தேவையென்றால் வதந்திக்கு முன்னால் உங்கள் மெயில் மேனேஜரிடம் போய்ச் சேர வேண்டும்.

சக ஊழியர்களிடம் பொய் வேண்டாம், கணக்கும் வேண்டாம். "ஆமா, லீவு நாள்ல கொஞ்சம் மொழிபெயர்ப்பு பண்றேன்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு டீயைக் குடியுங்கள். எவ்வளவு வரும் என்று கேட்பார்கள், கேட்காமல் இருக்க மாட்டார்கள். "ஒரு மாசம் வரும்ணே, மூணு மாசம் வராது" என்றால் போதும், ஃப்ரீலான்ஸில் அது நிஜமும்கூட. தொகை வெளியே போனால் அடுத்து வருவது ட்ரீட், அதற்கடுத்து கைமாற்று. ட்ரீட்டுக்கு எல்லோருக்கும் பஜ்ஜி வாங்கிக் கொடுத்துவிடலாம். கைமாற்றுக்கு "வந்த பணம் ஈஎம்ஐக்குப் போயிடுச்சு" என்று நான் சொல்வதுண்டு, எனக்கு உண்மையிலேயே அப்படித்தான் போகிறது.

இதையெல்லாம்விட எரிச்சலானது இன்னொன்று. விஷயம் தெரிந்த பிறகு நீங்கள் ஒரு நாள் பத்து நிமிடம் தாமதமாக வந்தாலும், புரோகிராமில் ஒரு பிழையைத் தவறவிட்டாலும், காரணம் அந்த வேலைதான் என்பார்கள். கொஞ்ச நாளைக்கு நேரம் தவறாமல் இருங்கள். ஆபீஸ் லேப்டாப்பில் சொந்த வேலையின் ஒரு ஃபைல்கூடத் திறக்காதீர்கள், ஐடி டீம் பார்க்க முடியும்.

வரி பக்கம் பலர் கோட்டை விடுகிறார்கள். கிளையன்ட் 10 சதவீதம் டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடிக்கும் வரி) பிடித்திருந்தால் அது உங்கள் பான் எண்ணில் பதிவாகும். அதை ஆபீஸ் தானாகப் பார்க்க முடியாது. ஆனால் இந்த வருமானத்தையும் சேர்த்துச் சம்பளத்தில் வரி பிடிக்கச் சொல்லி நீங்களே படிவம் கொடுத்தால், பேரோல் பிரிவுக்கு மொத்தமும் தெரியும். அதற்குப் பதில், பிடித்தது போக வரி பாக்கி 10,000 ரூபாயைத் தொட்டால் முன்கூட்டிய வரியை நீங்களே கட்டிவிடுங்கள். வேலை மாறும்போது சில கம்பெனிகள் உங்கள் பான் எண்ணில் பதிவான வரிப் பட்டியலை (26ஏஎஸ் என்பார்கள்) கேட்கின்றன, அதில் கிளையன்ட் பெயர் இருக்கும், முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

அப்புறம், ஸ்கிரீன் ஷேர் பட்டனை அழுத்துவதற்கு முன் நோட்டிஃபிகேஷனை அணைத்துவிடுங்கள். நான் இப்போது இரண்டு முறை பார்க்கிறேன்.