பனிப்போரின் தொடக்கத்தைப் படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1945 ஏப்ரல் 25 அன்று ஜெர்மனியின் டோர்காவ் நகருக்கருகே, எல்பா ஆற்றங்கரையில், அமெரிக்க வீரர்களும் சோவியத் வீரர்களும் கைகுலுக்கிக்கொண்டார்கள். மூன்றே ஆண்டுகளில், 1948 ஜூனில், பெர்லின் நகரின் மேற்குப் பகுதிக்கான தரைவழிகளைச் சோவியத் ஒன்றியம் அடைத்ததை முன்வைத்து அதே இரு நாடுகளுக்கிடையே போர் மூளுமோ என்று உலகம் அஞ்சியது. நம்முடைய பாடக்குறிப்புகளும் தேர்வு வழிகாட்டிகளும் பனிப்போருக்கு, அதாவது நேரடிப் போரில்லாத நீண்ட பகைக்கு, இட்டுச்சென்ற இந்த மாற்றத்தை ‘முதலாளித்துவத்துக்கும் பொதுவுடைமைக்கும் இடையிலான மோதல்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. அந்த வரி பொய்யல்ல. ஆனால் கொள்கை ஒன்றே காரணம் என்றால், 1941 முதல் 1945 வரை இவ்விரு நாடுகளும் எப்படித் தோளோடு தோள் நின்றன என்பதற்கும், பொதுவுடைமை நாடான யுகோஸ்லாவியாவை 1948-இல் ஸ்டாலின் ஏன் விலக்கிவைத்தார் என்பதற்கும் அந்த வரியில் விடை கிடைக்காது.

கதையை 1945-இல் தொடங்குவதும் தவறே. ரஷ்ய உள்நாட்டுப் போரின்போது, 1918-இல், அமெரிக்கப் படைகள் ஆர்க்காங்கெல்ஸ்கிலும் விளாடிவாஸ்டாக்கிலும் இறங்கின. சோவியத் அரசை அமெரிக்கா அங்கீகரித்ததோ 1933-இல்தான். மறுபுறம், 1939 ஆகஸ்டில் ஸ்டாலின் ஹிட்லரோடு உடன்படிக்கை செய்து போலந்தைப் பங்கிட்டுக்கொண்டதை மேற்கு நாடுகள் மறக்கவில்லை. ஐரோப்பாவின் மேற்கில் ஹிட்லருக்கு எதிராக இரண்டாம் போர்முனையை 1942-லேயே திறக்கவேண்டும் என்று மாஸ்கோ வற்புறுத்தியும் 1944 ஜூன் 6-இல்தான் அது திறக்கப்பட்டது. அதுவரை ஜெர்மானியத் தரைப்படையின் பெரும்பகுதியைச் சோவியத்தின் செஞ்சேனையே எதிர்த்து நின்றது என்பதால், நம்மைச் சாகவிட்டு வேடிக்கை பார்க்கிறார்கள் என்ற ஐயம் சோவியத் தலைமையிடமான கிரெம்ளினில் வேரூன்றியது.

போர் முடிந்தபோது இரு நாடுகளும் ஒரே நிலையில் இருந்தன என்று எண்ணிக்கொள்வது இன்னும் பெரிய தவறு. சோவியத் ஒன்றியம் ஏறத்தாழ 2 கோடியே 70 லட்சம் உயிர்களை இழந்திருந்தது. அமெரிக்காவின் இழப்பு ஏறத்தாழ 4 லட்சம். இந்த வேறுபாட்டால், ஒரே போரிலிருந்து இரு தரப்பும் வெவ்வேறு பாடங்களைக் கற்றுக்கொண்டன. நெப்போலியனும் ஹிட்லரும் போலந்துச் சமவெளி வழியாகத்தான் வந்தார்கள்; ஆகவே எல்லையில் பகைமையான அரசு இனி ஒருபோதும் இருக்கக்கூடாது என்பது மாஸ்கோ கற்ற பாடம். 1938-இல் மியூனிக்கில் ஹிட்லர் என்ற சர்வாதிகாரிக்கு விட்டுக்கொடுத்ததால்தான் போர் வந்தது, ஆகவே முதல் அடியிலேயே தடுக்கவேண்டும் என்பது லண்டனும் வாஷிங்டனும் கற்ற பாடம். ஆகவே ஸ்டாலின் தன் காப்புக்காகப் போலந்தின்மேல் வைத்த கை, மேற்கின் கண்ணுக்கு ஹிட்லரின் கையாகவே தெரிந்தது. இதைப் புரிந்துகொள்ளாமல் அடுத்த ஐந்தாண்டு நிகழ்வுகளை எத்தனை முறை மனப்பாடம் செய்தாலும் பயனில்லை என்பது என் உறுதியான கருத்து.

அச்சத்தை வெறும் நடிப்பு என்று ஒதுக்குவதும் அடிக்கடி காணும் தவறு. 1946-ஆம் ஆண்டின் கோடைக்காலத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். ஜூன் 14 அன்று, ஐ.நா. அணுசக்தி ஆணையத்தில் அமெரிக்காவின் சார்பில் பெர்னார்ட் பரூக் ஒரு திட்டத்தை முன்வைத்தார்: அணுசக்தி முழுவதும் ஒரு பன்னாட்டு அமைப்பின் கட்டுப்பாட்டில் வரவேண்டும், அது எல்லா நாடுகளையும் சோதனையிடும், மீறுவோரைத் தண்டிப்பதில் வீட்டோ உரிமை (முடிவைத் தனியொரு நாடு தடுக்கும் உரிமை) செல்லாது, இந்த ஏற்பாடு முழுமையாகச் செயல்படத் தொடங்கிய பின்னரே அமெரிக்கா தன் குண்டுகளைக் கைவிடும். ஜூன் 19 அன்று சோவியத் பிரதிநிதி அந்திரேய் குரோமிகோ வரிசையை அப்படியே மாற்றி, முதலில் இருக்கும் குண்டுகளை அழியுங்கள், கட்டுப்பாட்டைப் பிறகு பேசுவோம் என்றார். பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே, ஜூலை 1 அன்று, பசிபிக்கின் பிகினி தீவில் அமெரிக்கா அணுகுண்டைச் சோதித்தது. மாஸ்கோவின் இடத்திலிருந்து பார்த்தால், நம் ஆலைகளுக்குள் அவர்களுடைய சோதகர்கள் நுழைவார்கள், குண்டோ அவர்களிடமே இருக்கும். வாஷிங்டனின் இடத்திலிருந்து பார்த்தால், ஐரோப்பாவின் நடுவில் பெரும் தரைப்படையை நிறுத்தியிருப்பவர்களின் வெறும் வாக்கை நம்பிக் குண்டை எப்படிக் கைவிடுவது? அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான், கனடாவில் சோவியத் தூதரகம் நடத்திவந்த உளவு வலை அம்பலமாகியிருந்தது. இரு தரப்பின் அச்சத்துக்கும் கையில் சான்று இருந்தது. ஒருவர் தற்காப்புக்காகச் செய்தது மற்றவருக்கு அடுத்த சான்றாயிற்று.

அதே ஆண்டின் இரண்டு தந்திகளையும் சேர்த்துப் படிக்கவேண்டும். பிப்ரவரி 22 அன்று மாஸ்கோவிலிருந்து அமெரிக்கத் தூதரக அதிகாரி ஜார்ஜ் கென்னன் அனுப்பிய ‘நீண்ட தந்தி’யை எல்லோரும் குறிப்பிடுகிறார்கள். செப்டம்பர் 27 அன்று வாஷிங்டனிலிருந்து சோவியத் தூதர் நிக்கொலாய் நோவிகோவ் அனுப்பியதைப் பலர் தொடுவதே இல்லை. சோவியத் ஆட்சியாளர்கள் தம் உள்நாட்டுப் பாதுகாப்பின்மையால் வெளியுலகைப் பகையாகக் காண்கிறார்கள் என்று முன்னவர் எழுத, அமெரிக்கா உலக ஆதிக்கத்தை நாடுகிறது என்று பின்னவர் எழுதினார். ஒன்றை மட்டும் படிப்பவர் ஒரு தரப்பின் அச்சத்தை வரலாறாகவே எடுத்துக்கொள்ள நேரும்.

ஆனால் அச்சம் உண்மையானது என்பதால் செயல் நியாயமாகிவிடாது. இந்த இடத்தில்தான் நடுநிலை பேணுவதாக எண்ணிப் பலர் சறுக்குகிறார்கள். 1945 மார்ச்சில் போலந்தின் தலைமறைவு இயக்கத் தலைவர்கள் 16 பேரைப் பேச்சுவார்த்தைக்கென்று அழைத்துக் கைதுசெய்து, ஜூனில் மாஸ்கோவில் விசாரணை நடத்தினார்கள். ஹிட்லரை எதிர்த்துப் போராடியவர்களை இப்படி நடத்தியதற்கு, எல்லைப் பாதுகாப்பு என்ற சொல் விளக்கமாகலாம், மன்னிப்பாகாது. வல்லரசுகளின் உளவியலை எழுதும் அவசரத்தில், இடையில் சிக்கிய மக்களை வரைபடத்தின் புள்ளிகளாக்கிவிடக்கூடாது.

எதிரணியில் நடப்பதெல்லாம் ஒரே தலைமையின் ஆணைப்படிதான் என்று கொள்வது, அன்றைய தலைவர்கள் செய்த தவறு. இன்று படிப்பவர்களும் அதையே செய்கிறார்கள். 1947 மார்ச் 12 அன்று கிரீசுக்கும் துருக்கிக்கும் 40 கோடி டாலர் உதவி கேட்டு அமெரிக்க அதிபர் ட்ரூமன் தம் நாடாளுமன்றத்தில் பேசியபோது, கிரீசின் பொதுவுடைமைக் கிளர்ச்சியாளர்களின் பின்னால் ஸ்டாலின் நிற்கிறார் என்பதே வாஷிங்டனின் பொதுவான எண்ணம். உண்மையில் 1944 அக்டோபரிலேயே கிரீசைப் பிரிட்டனின் செல்வாக்குக்கு விட்டுத்தரப் பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சிலிடம் ஸ்டாலின் இசைந்திருந்தார். கிளர்ச்சியாளர்களுக்கு முன்னின்று உதவியது டிட்டோவின் யுகோஸ்லாவியா. 1948 பிப்ரவரியில் மாஸ்கோவுக்கு வந்த யுகோஸ்லாவியத் தலைவர்களிடம், அந்தக் கிளர்ச்சியை முடித்துக்கொள்ளவேண்டும் என்று ஸ்டாலின் நேரடியாகவே சொன்னார். மாஸ்கோவோடு உறவு முறிந்தபின், 1949 ஜூலையில் டிட்டோ கிரேக்க எல்லையை மூடினார். அதே ஆண்டு அக்டோபரில் கிளர்ச்சி ஓய்ந்தது. அதற்குள் மேற்கு நாடுகளின் ராணுவக் கூட்டணியான நேட்டோ உருவாகிவிட்டது. சோவியத் ஒன்றியமும் தன் முதல் அணுகுண்டை வெடித்துவிட்டது.