அன்புள்ள கேள்விக்குறி

140 பேரின் வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க, மின்கையொப்ப மென்பொருள் வழியாக மொத்தமாக மெயில் அனுப்ப வேண்டியிருந்தது. எக்செல் பட்டியலை சிஎஸ்வி கோப்பாக்கி (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) ஏற்றினேன். சோதனை மெயிலில் "அன்புள்ள ????" என்று வந்தது. சம்பளம் வரவேண்டிய இடமும் காலி.

கேள்விக்குறிக்குக் காரணம் சேமித்த விதம். எக்செலில், தமிழ் எழுத்துகளையும் சிதையாமல் வைக்கும் 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' என்பதைத் தேர்ந்தெடுத்துச் சேமித்ததும் தமிழ்ப் பெயர்கள் ஒழுங்காக வந்துவிட்டன.

காலியிடத்துக்குத்தான் அரை நாள் போனது. தலைப்பு வரிசையில் 'சம்பளம்' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு இடைவெளி ஒட்டிக்கொண்டிருந்தது, கண்ணுக்கே தெரியாமல். அதனால் ஒப்பந்தப் படிவத்தில் நான் வைத்திருந்த புலத்தின் (பட்டியலிலிருந்து விவரம் வந்து நிரம்பும் இடம்) பெயரோடு அது பொருந்தவில்லை. அழித்ததும் சரியானது.

அப்புறம், ஒருவர் சம்பளம் இன்னொருவர் மெயிலில் போய்விடக் கூடாதே என்ற பயத்தில், என்னுடைய இரண்டு முகவரிகளுக்கு வெவ்வேறு தொகை போட்டு அனுப்பிப் பார்த்தேன். இரண்டும் சரியாக வந்த பிறகே மற்றவர்களுக்கு அனுப்பினேன்.